பிள்ளைச்சாவடி பஸ்ஸும் இரண்டு காவல் நிலையங்களும்

பிள்ளைச்சாவடிக்குப் போகும் பஸ் முதலில் புதுச்சேரியில் ஓடும். பிறகு ஐந்தாறு கிலோமீட்டர் தமிழ்நாட்டில் ஓடும். பிறகு மறுபடியும் புதுச்சேரிக்குள் வந்துவிடும். பிரெஞ்சுக்காரர்கள் விட்டுப்போன எல்லை அப்படி. எங்கள் ஊரில் யாரும் இதை ஒரு விஷயமாகப் பேசுவதில்லை. பிராந்தி எந்தப் பக்கம் மலிவு, பெட்ரோல் எந்தப் பக்கம் மலிவு என்பது மட்டும் எல்லோருக்கும் தெரியும். ஒரு பெண்ணை ஒருவன் பின்தொடர்ந்தால் அது எந்தப் பக்கத்துக் குற்றம் என்ற கேள்வி எனக்கு இருபத்திரண்டு வயதில்தான் வந்தது.

எண்பதுகளின் நடுவில், பெண்கள் பாலிடெக்னிக்கில் சிவில் டிப்ளமா முடித்த அடுத்த வருடம், எனக்கு அரசு வேலை கிடைத்தது. பதவியின் பெயர் டிராப்ட்ஸ்மேன். பிள்ளைச்சாவடியைத் தாண்டி வடக்கே, முந்திரித் தோப்பை வெட்டிய செம்மண் மேட்டில் பெரிய கட்டட வேலை ஒன்று நடந்துகொண்டிருந்தது. அதன் தகரக்கூரை அலுவலகத்தில் எனக்கு ஒரு வரைபலகையும் ஒரு உயரமான ஸ்டூலும் கொடுத்தார்கள். ஓராண்டு தகுதிகாண் பருவம். அது முடிந்தால் வேலை நிரந்தரம். நடுவில் நின்றுவிட்டால் அதோடு சரி. அப்பா மில் தொழிலாளி. எங்கள் வீட்டில் அரசு வேலைக்குப் போன முதல் ஆள் நான்தான். அந்த ஒரு வருடத்தை எப்படியாவது முடித்துவிட வேண்டும் என்பது தவிர எனக்கு வேறு நினைப்பு இல்லை.

எங்கள் வீடு இருந்த சாரத்திலிருந்து நடந்து பஸ் நிலையம் போய் எட்டு மணி பஸ்ஸைப் பிடிப்பேன். அதில்தான் அவன் வருவான். முப்பது வயதிருக்கும். வெளுத்த சட்டை, பையில் இரண்டு பேனா, கையில் ஒரு ரெக்சின் பை. ஏதோ ஆபீசுக்குப் போகிறவர் என்றுதான் நானும் நினைத்தேன். ஒருநாள் எட்டு மணி பஸ்ஸை விட்டுவிட்டு எட்டரை பஸ்ஸில் போனேன். அவனும் எட்டரை பஸ்ஸில் இருந்தான். மறுநாள் ஏழரைக்கே போனேன். ஏழரை பஸ்ஸில், எனக்குப் பின் சீட்டில், அவன்.

நான் எதையும் எழுதி வைப்பவள். நோட்டின் கடைசிப் பக்கங்களில் கட்டம் போட்டேன். தேதி, நேரம், ஏறிய இடம், என்ன செய்தான். முதல் மாதம் கடைசிக் கட்டத்தில் எல்லாம் "பார்த்தான்" என்றே இருக்கும். இரண்டாம் மாதம் "பின்னலைத் தொட்டான்" என்று இரண்டு இடத்தில் வந்தது. மூன்றாம் மாதம் பேச ஆரம்பித்தான். அதற்கு முதல் நாள் எனக்குக் காய்ச்சல், லீவு. மறுநாள் பஸ்ஸில் ஏறியதும் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நேத்து லீவா? ஒரு வார்த்த சொல்லக் கூடாது? ரெண்டு பஸ்ஸு பாத்துட்டு நின்னேன்."

சொல்லாமல் இருந்தது என் தப்பு என்பது போலக் கோபமாகவே கேட்டான். நான் திரும்பவில்லை. அன்று அவனும் பிள்ளைச்சாவடி நிறுத்தத்தில் இறங்கி, வேலைத்தளத்துக்கு எதிரே இருந்த பனைமரத்தடியில் சாப்பாட்டு மணி வரைக்கும் நின்றான். வாட்ச்மேன் போய்க் கேட்டதற்கு, ஆளுக்காகக் காத்திருப்பதாகச் சொன்னானாம். வாட்ச்மேன் அதை நம்பித் திரும்பி வந்துவிட்டார்.

நான்காம் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை சாரத்தில் எங்கள் தெருவுக்கே வந்தான். குழாயடியில் நின்று, தண்ணீர் பிடிக்க வந்தவர்களிடம் அப்பாவின் பெயரைச் சொல்லி, வீட்டில் எத்தனை பேர், பெண்ணுக்கு இடம் பார்க்கிறார்களா என்று விசாரித்திருக்கிறான். அம்மா குடத்தை அங்கேயே வைத்துவிட்டு ஓடிவந்தாள். அதுவரை நான் வீட்டில் எதுவும் சொல்லியிருக்கவில்லை. அன்றைக்கு நோட்டை எடுத்துக் கொடுத்தேன். அப்பா நான்கு மாதக் கட்டங்களையும் விரல் வைத்துப் படித்தார்.

"இம்மா நாளா எழுதிகிட்டே இருந்தியா?"

"ஆமாம்பா."

"எழுதினா வுட்டுடுவானா? வேலைய வுட்டுடு. வூட்ல இரு."

"எட்டு மாசம்தாம்பா பாக்கி."

அப்பா நோட்டை மூடி வைத்தார். பிறகு ஒரு கெடு வைத்தார். அடுத்த மாதக் கடைசிக்குள் அவன் தொல்லை ஒழிய வேண்டும், இல்லாவிட்டால் ராஜினாமா. அதற்குள் போலீசில் சொல்லிப் பார்க்கலாம் என்று நான் கேட்டேன். பக்கத்து வீட்டில் பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்ற ஒரு சொல்தா இருந்தார். அவரையும் கூட்டிப்போனால் போலீஸ்காரர்கள் எழுந்து நிற்பார்கள் என்று அப்பா சொன்னார். சொல்தாவோ தனக்கு மூட்டு வலி என்று சொல்லிவிட்டார்.

எங்கள் பக்கத்துக் காவல் நிலையத்தில் புதுச்சேரி போலீசின் சிவப்புத் தொப்பிகள் வரிசையாக ஆணியில் தொங்கின. ரைட்டர் நோட்டை வாங்கிப் புரட்டினார். அப்பா நாற்காலியில், நான் நின்றபடி. எங்களுக்குப் பின்னால் சைக்கிள் தொலைத்தவர், சண்டையில் மண்டை உடைந்தவர் என்று நாலைந்து பேர் நின்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

"தொட்டான்னு போட்டிருக்கியே, எங்க?"

"பின்னல்ல சார்."

"அது இல்லம்மா. ரோட்டுல எந்த எடம்?"

சொன்னேன்.

"எல்லைய தாண்டிட்டீங்களே. அது அவங்க ஏரியா. நாங்க கை வைக்க முடியாது."

"அவன் ஏறினது நம்ம பஸ் நிலையத்துல. இறங்கினது பிள்ளைச்சாவடி. ரெண்டும் நம்ம பக்கம்தானே சார்?"

"ஏறறப்ப என்னா பண்ணான்?"

"ஏறினான்."

"எறங்கறப்ப?"

"இறங்கினான்."

"அது குத்தமாம்மா? நீயே சொல்லு."

பின்னால் மண்டை உடைந்தவர் சிரித்தார். சாரம் தெருவுக்கு வந்ததைச் சொன்னேன். குழாயடியில் நிற்பதும் குற்றமில்லை என்றார். ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தால் அவர் சொன்னது சரி. பின்தொடர்வது என்பது அத்தனையும் சேர்ந்த ஒன்று. அதைச் சேர்த்து எழுத அவரிடம் ஒரு கட்டம் இல்லை.

மறுநாள் எல்லைக்கு அந்தப் பக்கத்து நிலையத்துக்குப் போனோம். அங்கே பேசியது முழுக்க அப்பாவிடம்தான்.

"பொண்ணு புதுச்சேரி. பையன் புதுச்சேரி. வேல பாக்கற எடம் புதுச்சேரி. நடுவுல எங்க ரோட்டுல பஸ்ஸு வந்திச்சுன்னு எங்க தலையில கட்ட வந்துட்டீங்களா? பொண்ணுக்கு என்னா வயசு?"

"இருவத்திரெண்டுங்க."

"முடிச்சு வுடுங்க பெரியவரே. எல்லாம் தன்னால அடங்கிடும்."

அப்பா வெளியே வந்து ஒரு பீடி பற்றவைத்தார். அவருடைய கெடுவில் இரண்டு நாள் போயிருந்தது.

இதில் எனக்கு அதிகம் எரிச்சலூட்டியது சோதனைச் சாவடி. எல்லையில் தினமும் பஸ்ஸை நிறுத்தி, பாட்டில் கடத்துகிறார்களா என்று பார்ப்பார்கள். என் சாப்பாட்டுப் பையைத் திறந்து, மோர்க் குப்பியை மூடி கழற்றி முகர்ந்து பார்ப்பார்கள். ஒருநாள் துணிந்து அந்தக் காவலரிடம் சொன்னேன்.

"சார், பின்னாடி வெள்ளச் சட்ட போட்டிருக்காரே, அவரு தினமும் என்னைத் தொந்தரவு பண்றாரு."

அவர் போனார். அவனுடைய ரெக்சின் பையைத் திறந்து பார்த்தார். மூடினார்.

"பாட்டிலு ஒண்ணும் இல்லியேம்மா," என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அந்த வாரம்தான் நான் வரைபடம் போட்டேன். எல்லை எங்கே என்பதுதான் சிக்கல் என்றால், எனக்குத் தெரிந்த வேலை அது. அலுவலகத்தில் நில அளவைத் தாள்கள் இருந்தன. சாப்பாட்டு நேரங்களில் பஸ் நிலையத்திலிருந்து வேலைத்தளம் வரை ரோட்டை அளவுப்படி வரைந்தேன். எல்லையைப் புள்ளியும் கோடுமாகப் போட்டேன். கிலோமீட்டர் கல், ஏரி, குளம், கோயில், சவுக்குத் தோப்பு எல்லாம் குறித்தேன். பிறகு நோட்டைப் பார்த்து ஒவ்வொரு சம்பவத்துக்கும் ஒரு சிறு வட்டம், உள்ளே எண். மொத்தம் முப்பத்தொரு வட்டம். பதினெட்டு இந்தப் பக்கம், பதிமூன்று அந்தப் பக்கம். நகரத்து அலுவலக இயந்திரத்தில் அதற்கு ஒரு நகல், அமோனியா பிரிண்ட், எடுத்து, அதன் பின்புறம் நான் கேட்பது என்னென்ன என்று எண் போட்டு எழுதினேன்.

பெண் எந்த நிலையத்துக்கு வருகிறாளோ அங்கேயே மனுவை வாங்கிக்கொள்ள வேண்டும், எல்லைத் தகராறை இரண்டு நிலையங்களும் தங்களுக்குள் பேசிக்கொள்ள வேண்டும். மனுவுக்கு முத்திரை போட்ட நகல் தர வேண்டும். நான்கு பேர் கேட்க நிற்க வைத்து விசாரிக்கக் கூடாது, ஒரு பெண் காவலர் இருந்தால் நல்லது. அவனைக் கூப்பிடும் நாளில் என்னையும் அவனையும் ஒரே பெஞ்சில் உட்கார வைக்கக் கூடாது.

இதை எடுத்துக்கொண்டு ஒரு சனிக்கிழமை மத்தியானம் எங்கள் பக்கத்து நிலையத்துக்குத் தனியாகவே போனேன். சப்-இன்ஸ்பெக்டர் இருந்தார். மேசையில் விரித்ததும் அவர் முகம் மலர்ந்துவிட்டது.

"யோவ் ரைட்டர், இங்க வா. பாரு இத."

ரைட்டர் வந்தார். இரண்டு ஏட்டுகள் வந்தார்கள். நால்வரும் மேசை மேல் குனிந்தார்கள்.

"இந்தக் கொளம் நம்மதுன்னு நான் அன்னிக்கே சொன்னேன், கேட்டீங்களா?"

"பாதிதான் நம்மது. கோடு நடுவுல போவுது பாருங்க."

"அப்ப அந்தப் பொணம் கெடந்த எடம்?"

"அது அவனுங்களுதுதான் சார். நாமதான் தூக்கிட்டு அலைஞ்சோம்."

ஒரு ஏட்டு என் வட்டங்களில் ஒன்றின் மேல் விரல் வைத்தார்.

"இந்த ஏழு என்னாம்மா, கெணறா?"

"இல்ல சார். அந்த எடத்துலதான் என் கையப் பிடிக்க வந்தான்."

"ஓ," என்று விரலை எடுத்துவிட்டார்.

சப்-இன்ஸ்பெக்டர் பின்புறம் எழுதியிருந்ததையும் நிதானமாகப் படித்தார். கையெழுத்து ரொம்ப நன்றாக இருக்கிறது என்றார். டைப் அடித்திருந்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்றார். இப்படி ஒரு வரைபடம் வேண்டும் என்று இரண்டு வருடமாக மேலே எழுதிக் கேட்டுக்கொண்டிருந்தார்களாம். அதைச் சுவரில் ஒட்டினார்கள். பின்புறம் சுவர்ப் பக்கம் போய்விட்டது. இன்னொரு பிரிண்ட் கிடைக்குமா என்று ரைட்டர் வாசல் வரை வந்து கேட்டார். என் மனு பதிவாகவில்லை. பார்த்தால் எச்சரிக்கிறோம் என்றார்கள். எப்படிப் பார்ப்பார்கள்? எட்டு மணிக்கு அவர்கள் யாரும் பஸ்ஸில் ஏறுவதில்லை.

என்னோடு பஸ்ஸில் வந்தவர்களில் இதைத் தெரிந்தவர் ஒரே ஒருவர். பிள்ளைச்சாவடியில் இருந்து மீன் கொண்டுவந்து மார்க்கெட்டில் போட்டுவிட்டுக் காலிக் கூடையோடு திரும்பும் அக்கா ஒருவர். நாற்பது வயதிருக்கும். கண்டக்டர் அவரைக் கடைசி வரிசையில்தான் உட்கார விடுவார். ஒருநாள் என்னைக் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தார்.

"எம் பக்கத்துல குந்து. இந்த நாத்தத்துக்கே அவன் கிட்ட வர மாட்டான்."

இரண்டு நாள் வரவில்லை. மூன்றாம் நாள் எழுந்து வந்து, எங்கள் வரிசைக்கு முன்னால் கம்பியைப் பிடித்து நின்றான். அக்கா விடவில்லை.

"தே, எதுக்குடா பொட்டப் புள்ளைய தெனம் தெனம் மொறச்சிகினு வர்ற? ஒனக்கு வேற சோலி கெடையாது?"

பஸ் முழுக்கத் திரும்பிப் பார்த்தது. எனக்கு நெஞ்சு இலேசானது. இனி நாற்பது பேருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைத்தேன். அவன் கொஞ்சமும் பதறவில்லை. சோர்ந்த குரலில், எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னான்.

"என் சம்சாரம்மா. கோவிச்சிகிட்டு அம்மா வூட்டுக்குப் போயிட்டா. நானும் நாலு மாசமா பின்னாடியே வந்து கூப்படறேன்."

பஸ் அதை உடனே நம்பியது. ஒரு பெரியவர் என்னைப் பார்த்து, "போம்மா, இவ்ளோ எறங்கி வர்றாரே," என்றார். கண்டக்டர், "குடும்பச் சண்டைய எறங்கி வெச்சிக்குங்க," என்றார். நான் பொய் என்று சொன்னேன். கத்தியே சொன்னேன். கோபித்துக்கொண்ட மனைவி அப்படித்தானே சொல்வாள்? அக்கா என் கழுத்தைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"நெசமாவே இல்லதான?"

அவர் கேட்டதில் தப்பில்லை. ஆனால் அன்றுதான் முதல்முறையாக, நோட்டில் எழுதும்போது கட்டத்துக்கு வெளியே எழுத்துப் போய்விட்டது.

உதவிப் பொறியாளரிடம் சொன்னேன். நல்ல மனிதர். பஸ் நேரத்தை மாற்றிப் பார்க்கச் சொன்னார். மாற்றிப் பார்த்துவிட்டேன் என்றேன். தன் தங்கைக்கு இப்படி ஒன்று வந்தபோது வேலையை விட்டு நிறுத்திவிட்டதாகவும், இப்போது அவள் சந்தோஷமாக இருப்பதாகவும் சொன்னார். அப்பாவின் கெடுவுக்கு ஒன்பது நாள் இருந்தது. ராஜினாமாக் கடிதத்தின் வாசகத்தை மனத்துக்குள் ஓட்டிப்பார்க்கத் தொடங்கியிருந்தேன்.

வேலைத்தளத்தில் பிரிண்ட் எடுக்கும் இயந்திரம் கிடையாது. மெல்லிய தாளில் வரைந்த அசல் டிரேசிங்கை நகரத்துக்கு எடுத்துப்போய், பிரிண்ட் போட்டு, மறுநாள் காலை இரண்டையும் சுருட்டிக்கொண்டு பஸ்ஸில் வருவேன். அந்த வியாழக்கிழமை என் கையில் இருந்தது விடுதிக் கட்டடத்தின் அஸ்திவார வரைபடம். கம்பி கட்டி முடித்து, கான்கிரீட் போட ஆட்கள் அதற்காகக் காத்திருந்தார்கள். பிள்ளைச்சாவடி நிறுத்தத்தில் நான் இறங்கும்போது அவன் படியில் நின்று, என் கக்கத்தில் இருந்த சுருளை உருவிக்கொண்டான்.

"நின்னு ரெண்டு வார்த்த பேசு. தர்றேன்."

நான் பேசவில்லை. கண்டக்டர் விசில் ஊதினார். பஸ் அவனையும் சுருளையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டது.

பொறியாளரிடம் ஓடிச் சொன்னேன். அவர் நாற்காலியை விட்டு எழுந்ததை அன்றுதான் பார்த்தேன்.

"அசலா? அசல் டிரேசிங்கா?"

போனைச் சுழற்றினார். முக்கால் மணி நேரத்தில் ஜீப் வந்தது. செம்மண் புழுதியில் இருந்து இறங்கியவர் அதே சப்-இன்ஸ்பெக்டர்.

"கவர்மென்ட்டு ட்ராயிங்கையே தூக்கிட்டானா? என்னாம்மா நீ, இந்த மாதிரி ஆளுன்னு மொதல்லியே சொல்லக் கூடாது?"

நான் அவரைப் பார்த்தேன். அவர் உண்மையாகவே கேட்டார்.

பஸ் அப்போது எந்த எல்லைக்குள் நின்றது என்று ஒருவரும் கேட்கவில்லை. எங்கே தொட்டான், எப்படித் தொட்டான் என்றும் கேட்கவில்லை. இரண்டு நிலையங்களும் வயர்லெஸ்ஸில் பேசிக்கொண்டன. மறுநாள் காலை பத்து மணிக்கு, அவனைப் பிடித்துவிட்டதாக, என்னை நிலையத்துக்குக் கூப்பிட்டு அனுப்பினார்கள். நகரத்தில் ஒரு துணிக்கடையில் வேலை செய்பவனாம். ஐந்தாவது மாதத்தில் அவன் பெயர் எனக்குத் தெரிந்தது. அவனை ஒரு பெஞ்சில் உட்கார வைத்திருந்தார்கள். அதே பெஞ்சில் என்னையும் உட்காரச் சொன்னார்கள். நான் நின்றேன்.

சுருள் மேசை மேல் இருந்தது. பிரித்துப் பார்த்தேன். ஒரு மடிப்புகூட விழவில்லை. ரைட்டர் ஒரு தாளை நீட்டினார்.

"சரியா இருக்குதா? இங்க ஒரு கையெழுத்து. எடுத்துட்டுப் போலாம்."

படித்தேன். அரசு வரைபடச் சுருள் ஒன்று, பெண் ஊழியர் கவனக்குறைவாக இருந்த சமயம், மேற்படி நபரால் எடுத்துச் செல்லப்பட்டு, நல்ல நிலையில் மீட்கப்பட்டது. அவ்வளவுதான்.

"கவனக்குறைவு இல்ல சார். பிடுங்கினான்."

"சரி, அத அடிச்சிடறேன்."

"நாலரை மாசமா பின்தொடர்ந்து வர்றான்னும் எழுதுங்க."

"அது வேற விஷயம்மா. இது சுருள் கேசு."

"அவன் சுருளுக்காகவா பஸ்ஸுல வந்தான்?"

"கையெழுத்துப் போட்டாத்தான் சுருள் வெளில போவும். ஒங்க ஆபீசுல காத்துகினு இருக்காங்க."

அது எனக்கும் தெரியும். அதனால்தான் பேனாவை மூடி மேசையில் வைத்தேன். அந்த வரியை எழுதினால் கையெழுத்துப் போடுகிறேன் என்றேன். வாசல் ஓரம் ஒரு முக்காலி இருந்தது. அதில் போய் உட்கார்ந்தேன்.

பதினோரு மணிக்குப் பொறியாளர் போன் செய்தார். ரைட்டர் என்னிடம் ரிசீவரைக் கொடுத்தார். கலவை இயந்திரம் ஓடுவதாகவும் முப்பது ஆட்கள் சும்மா நிற்பதாகவும் சொன்னார். ஒரே ஒரு வரிதான் சார் பாக்கி, எழுதினதும் வருகிறேன் என்றேன். பதினொன்றரைக்கு அவருக்கு மேலே இருந்தவர் சப்-இன்ஸ்பெக்டரிடம் பேசினார். பன்னிரண்டுக்கு மறுபடியும் மணி அடித்தது. இந்த முறை சப்-இன்ஸ்பெக்டர் போனில் "யெஸ் சார்" மட்டும்தான் சொன்னார். அந்த இரண்டு மணி நேரமும் அவர்கள் என்னைப் பயமுறுத்தவில்லை, திட்டவில்லை. ஒரு பிடிவாதக்காரக் குழந்தையைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள். டீ வாங்கிக் கொடுத்தார்கள். அவனுக்கும்தான்.

"எழுதித் தொலைய்யா," என்று சப்-இன்ஸ்பெக்டர் கடைசியில் சொன்னார்.

ரைட்டர் நிலையப் பதிவேட்டை இழுத்துப் போட்டார்.

"சொல்லு. எந்த எடம்னு போடறது?"

"பஸ்ஸுலன்னு போடுங்க."

"பஸ்ஸு எங்க இருந்துச்சு?"

"ஓடிகிட்டே இருந்துச்சு சார். நாலரை மாசமா."

பெருமூச்சு விட்டு எழுதினார். நான் சொல்லச் சொல்ல ஒரு வரி ஆறு வரி ஆனது. வீட்டுத் தெருவுக்கு வந்தது, மனைவி என்று பொய் சொன்னது, இனி அந்த பஸ்ஸிலோ சாரத்திலோ வேலைத்தளத்திலோ காணப்பட்டால் நடவடிக்கை எடுக்கப்படும் என்பது எல்லாம். அவனும் அதன் கீழ் கையெழுத்துப் போட்டான். அழகான கையெழுத்து. நகல் தரும் வழக்கமில்லை என்றார்கள். அங்கேயே நின்று பார்த்து எழுதிக்கொண்டேன். பிறகுதான் சுருளை எடுத்தேன்.

அப்பா அந்தத் தாளை இரண்டு முறை படித்தார். "ஒத்துகினு கையெழுத்துப் போட்டிருக்கானே," என்றார். கெடுவைப் பற்றி அவரும் பேசவில்லை, நானும் பேசவில்லை.

பன்னிரண்டு நாள் கழித்து அவன் பஸ் நிலையத்தில் ஒரு தூணுக்குப் பின்னால் நின்றான். நான் பஸ்ஸில் ஏறாமல் நேராகக் காவல் நிலையம் போனேன். ரைட்டர் என்னைப் பார்த்ததும் பதறிக் கேட்டார்.

"சுருள் பத்திரமா இருக்குதில்ல?"

பதிவேட்டில் பக்கத்தைச் சொன்னேன். புரட்டிப் படித்தார். அவரே எழுதியது என்பதால் மறுக்க முடியவில்லை. ஒரு காவலரை என்னோடு அனுப்பினார். ஐம்பது வயதுக்காரர். சிவப்புத் தொப்பி தெரிந்ததும் தூணுக்குப் பின்னால் இருந்தவன் ரோட்டைத் தாண்டிப் போய்விட்டான். காவலர் எனக்காக ஆறு நாள் எட்டு மணி பஸ்ஸில் வந்தார். ஆறு நாளும் எல்லையில் இறங்கிவிட்டார். பிள்ளைச்சாவடி மறுபடியும் உங்கள் ஏரியாதானே என்று கேட்டேன்.

"ஆமாம்மா. அதுக்கு இத தாண்டிப் போவணுமே," என்று தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு எதிர் பஸ்ஸுக்கு நின்றார்.

அந்த ஐந்தாறு கிலோமீட்டரை மீன்கார அக்காவோடு போனேன். அவன் அதன் பிறகு அந்த பஸ்ஸில் வரவில்லை.

ஓராண்டு முடிந்தது. பணி நிரந்தரத்துக்கு முன் காவல் நிலையத்தில் நன்னடத்தை விசாரித்து அறிக்கை வாங்குவார்கள். என்னோடு சேர்ந்த மூன்று ஆண்களுக்கும் ஒரே வாரத்தில் வந்துவிட்டது. என்னுடையது வரவில்லை. ஒரு மத்தியானம் பொறியாளர் என்னைக் கூப்பிட்டு ஒரு தாளைக் காட்டினார். "மேற்படி பெண்ணின் பெயர் நிலையப் பதிவேட்டில் காணப்படுகிறது" என்று இருந்தது. எதற்காக, புகார் கொடுத்தவளாகவா குற்றம் செய்தவளாகவா என்று ஒரு வார்த்தை இல்லை. எழுதியது அதே ரைட்டரின் கை.

"நான் அன்னிக்கே நெனச்சேன்," என்றார் பொறியாளர். "மேல இத சந்தேகமா பாக்கறாங்க. ஒண்ணு செய்யலாம். நானே பேசிட்டேன். அந்தப் பதிவ ரத்து செய்யச் சொல்லி நீங்க ஒரு மனு குடுங்க. அவங்க அடிச்சிடுவாங்க. நாளைக்கே கிளியரா அறிக்க வந்துடும்."

"அடிச்சிட்டா, அவன் திரும்ப வந்தா நான் எதக் காட்டறது சார்?"

"அவன்தான் வரலியேம்மா."

"அந்தப் பதிவு இருக்கறதால வரல."

"வேல பெருசா, பதிவு பெருசா?"

வேலைதான் பெரிது. அந்தப் பதிவு இல்லாமல் நான் அந்த பஸ்ஸில் ஏறி வேலைக்கு வர முடியாது என்பதை அவருக்கு எப்படிச் சொல்வது என்று யோசித்தேன். சொன்னாலும், பஸ் நேரத்தை மாற்றிப் பாருங்கள் என்பார். என் மேசைக்குப் போய்ப் பதில் எழுதினேன். ஒன்று, அந்தப் பதிவில் நான் புகார் கொடுத்தவள், நான் பார்த்து எழுதிக்கொண்ட நகல் இத்துடன் உள்ளது. இரண்டு, புகார் கொடுப்பது நடத்தைக் குறை ஆகுமா என்பதை எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டுகிறேன். மூன்று, அந்தப் பதிவை நீக்க வேண்டாம்.

இரண்டாவதற்கு இன்றுவரை பதில் இல்லை. நிரந்தர உத்தரவு மற்றவர்களுக்கு வந்து ஏழு வாரம் கழித்து எனக்கு வந்தது. பதிவு இருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன்.